ஜான்சிக்கு விட்டுவைத்த இடம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மாடியில் குடியிருக்கிற டீச்சர் பெண் நனைந்து வந்து, துப்பட்டாவைப் பிழிந்து என் ஹாலில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி மேல் போட்டுவிட்டு, என்னிடம் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை கிளம்பியது. ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், வாடின மல்லி, மூன்றும் கலந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பெரிய குண்டானில் உலை வைத்துவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டில் இப்போது சாப்பிடுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று.

இந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்றவள் நான். பள்ளிக்கூடம் நாலாவது வரைக்கும்தான், அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். எழுத்து முழுசாகக் கூடினது கல்யாணத்துக்கு அப்புறம், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி. இட்லி வண்டி மெஸ் ஆனது, மெஸ் கல்யாணச் சமையல் ஆனது, கல்யாணச் சமையல் இந்த வீடானது. வந்தால் ஹாலைப் பாருங்கள், நடுவில் ஒரு தூண் கிடையாது. தூண் இல்லாமல் நிற்காது என்றார் இன்ஜினியர். நின்றுகொண்டுதான் இருக்கிறது. அவர்தான் மாற்றலாகிப் போய்விட்டார்.

காலேஜ் பெண்களின் வேதபாடத்துக்கு இடம் வேண்டும், ஹாஸ்டலில் விடமாட்டேன் என்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் யாராவது வீட்டைக் கொடுப்பீர்களா என்று பாஸ்டர் ஒரு ஆராதனை முடிந்து கேட்டார். சபையில் இருந்த வாத்தியார்கள், பேங்க்காரர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெபிக்கிறார்கள் என்று பாஸ்டர் நினைத்திருப்பார். நான் கையைத் தூக்கினேன். “வீடு மட்டும் இல்ல பாஸ்டர், சாப்பாடும் போடுறேன்” என்றேன். மெஸ் நடத்தினவள் வீட்டுக்கு வந்த பெண்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போனால் ஊரில் என் பேர் என்ன ஆவது?

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவார்கள். பியூலா என்கிற எம்.எஸ்ஸி. பெண்தான் தலைவி. என்ன பாடம் படித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பேன். பாடம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து சங்கிலி ஜெபம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருத்தி ஜெபித்து ஆமென் சொன்னதும் பக்கத்தில் இருப்பவள் தொடங்க வேண்டும். அப்படியே சுற்றி வரும். கோழிக் குழம்பு கொதிக்கிற அன்றைக்குச் சங்கிலி வேகமாகச் சுற்றும். கீரை கடைசல் என்றால் உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக்காகவும் ஜெபிப்பார்கள்.

நான் வட்டத்தில் சேரமாட்டேன். அடுப்பில் ஒன்று இருக்கும்போது கண்ணை மூட முடியுமா? அடுப்படி வாசற்படியில் கரண்டியோடு நிற்பேன். ஜெப நேரத்தில் அந்த ஹாலில் கண் திறந்திருந்தது எனக்கு மட்டும்தான்.

அவர்களில் ஜான்சி அடி அண்ணாமலை கிராமத்துப் பெண். அவள் அம்மா அங்கே கொஞ்ச நிலத்தில் பூ போட்டிருந்தாள். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல், செம்புக் கம்பியைச் சுண்டின மாதிரி. அவளுக்கு ஜெபம் லேசில் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆண்டவரே, வந்து…” என்று நிறுத்திவிடுவாள். “ஆண்டவர் அப்பவே வந்துட்டார்டி, நீ மேல சொல்லு” என்று ஒரு நாள் பியூலாவே சொல்லிவிட்டாள். சாப்பாட்டில் மட்டும் கூச்சம் கிடையாது. ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பாள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நினைவில்லை. தொண்டையில் குழாய் போட்டு மூச்சு ஓட வைத்திருக்கிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை பியூலா சொன்னாள்: “ஜான்சி இடத்த விட்டு உக்காருங்க. அவ முறை வர்றப்ப யாரும் பேச வேணாம். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம், அவளுக்காக.”

சங்கிலி சுற்றி வந்து அந்த இடத்தில் நின்றது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பக்கத்துப் பெண் ஷெரின் தொடர்ந்தாள். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

அடுத்த வாரமும் இடம் விட்டார்கள். முறை வந்தது. அந்தக் காலி இடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு உதடும் அசையவில்லை, ஒரு தொண்டையும் ஏறி இறங்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் பியூலா கோபமாகக் கேட்டாள். “யாருடி அது, ஜான்சி மாதிரி பண்றது?”

“நான் இல்லக்கா.”

“ஷெரின், நீதான மிமிக்ரி பண்ணுவ?”

ஷெரினுக்குக் கண் கலங்கிவிட்டது. “அவ சாகக் கெடக்குறா. இதுல போய் நான் வெளையாடுவேனாக்கா?”

நான் கண்டதைச் சொல்லவில்லை. “சோறு ஆறுது, வாங்கடி” என்றேன்.

அதற்கடுத்த வாரம் பியூலா, “நெருங்கி உக்காருங்க” என்று மட்டும் சொன்னாள். ஜான்சிக்கு இடம் விடவில்லை. முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சங்கிலி தடங்கல் இல்லாமல் சுற்றியது. அன்றைக்கு எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், சிரித்தும் பேசினார்கள்.

மறுநாள் காலை ஜான்சியின் அம்மா போன் செய்தாள். “அக்கா, நேத்து சாயங்காலத்துலருந்து ரொம்ப மோசமா பூடுச்சு. பாக்கணும்னு இருக்கிறவங்க வந்து பாத்துக்கங்கன்னு சொல்ட்டாங்க.”

பெண்களுக்கும் சேதி போய்விட்டது. நெருங்கி உட்கார்ந்ததையும் இதையும் அவரவர் மனசுக்குள் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். வாய்விட்டுப் பேச வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளி பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் கிரிவலக் கூட்டத்துக்குள் நுழைந்து, தூறலில் நனைந்து, நடந்தே வந்தார்கள். துப்பட்டாக்கள் ஃபேனுக்குக் கீழே வரிசையாகக் காய்ந்தன. யாரும் சொல்லாமலே இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பாடம்கூட நடக்கவில்லை, நேராக ஜெபம். முறை வந்து நின்றது. செருமல் கேட்டது. அப்புறம், செம்புக் கம்பியைச் சுண்டின மாதிரி:

“ஆண்டவரே, வந்து… பசிக்குது.”

நான் யோசிக்கவே இல்லை. பசிக்குது என்று யார் சொன்னாலும் என் கை முதலில் தட்டுக்குத்தான் போகும், அதில்தான் பிழைத்தவள். சோற்றைப் போட்டுக் குழி செய்து, ரசத்தை ஊற்றி, ஒரு அப்பளத்தோடு கொண்டுபோய் அந்தக் காலி இடத்தில் வைத்தேன். தட்டுச் சத்தத்தில் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

பியூலா எழுந்தே விட்டாள். “ஆன்ட்டி, எடுத்துருங்க. இது படையல் மாதிரி. நாம செய்யக் கூடாது.”

“படையல் செத்தவங்களுக்குடி. இவ இருக்கா.”

“அதனாலதான் சொல்றேன். உயிரோட இருக்கிறவளுக்குப் போய்…”

“பசிச்சவளுக்குப் போட்டா அதுக்குப் பேரு சாப்பாடு. உக்காரு” என்றேன்.

பியூலா உட்கார்ந்தாள். அந்தத் தட்டைச் சுற்றி எல்லாரும் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள். போகும்போது வழக்கம்போல, “சூப்பர் ஆன்ட்டி” என்றார்கள். அவர்கள் போன பிறகு தட்டை எடுத்தேன். ஒரு பருக்கை குறையவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பூண்டு, மிளகு, பெருங்காயம், எதன் வாசனையும் இல்லை. வெறும் வெந்நீர் ஊற்றின சோறு மாதிரி இருந்தது.

விடிந்ததும் ஜான்சியின் அம்மாவிடமிருந்து போன். “கண்ணத் தொறந்துட்டாக்கா.” அவள் அழுததில் அதற்குமேல் புரியவில்லை.

குழாயை எடுத்த பிறகு இன்னொரு போன் வந்தது. “என்னமோ ஒளர்றாக்கா. கஞ்சி குடிடின்னா, ஆன்ட்டி வீட்ல சாப்ட்டேன்னு முணுமுணுக்கிறா. ரசத்துல உப்பு ஜாஸ்தியாம்.”

எத்தனையோ கல்யாணத்துக்குச் சமைத்தவள் நான். உப்பு ஜாஸ்தி என்று சொன்ன வாய் இந்த ஜில்லாவில் கிடையாது. உடனே ஷெரினைக் கூப்பிட்டேன்.

“பௌர்ணமி அன்னிக்கு ரசம் எப்டி இருந்துச்சு?”

“சூப்பர் ஆன்ட்டி.”

“நெசத்தச் சொல்லு.”

ஷெரின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உப்பு ஜாஸ்திதான் ஆன்ட்டி. உங்ககிட்ட யார் சொல்றது?”

தட்டு வைத்ததை வெளியே பேசுவதில்லை என்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். நானும் ஜான்சியின் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தை பிறந்து ஜான்சி வந்தாள். மொட்டைத் தலையில் துணி கட்டியிருந்தாள். நேராகப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். சங்கிலி சுற்றி வந்தது. செருமினாள். “ஆண்டவரே” என்றாள். அத்தனை பெண்களும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். தரையில் சாக்கு மூட்டையை இழுக்கிற மாதிரி ஒரு குரல். குழாய் இருந்த இடம் புண்ணாகி ஆறினதில் அப்படி ஆகிவிட்டது, இனி மாறாது என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். உயிர் கிடைத்ததே போதும் என்றாள். போதும்தான், நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பழைய குரலைக் கடைசியாகக் கேட்டது என் ஹாலில், அவள் வேலூரில் குழாயோடு படுத்திருந்தபோது. அது அப்புறம் எங்கே போனது?

பரீட்சை வந்தது, பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பியூலா கல்யாணமாகி கடல் தாண்டிப் போனாள். புதுப் பெண்கள் வரவில்லை. இப்போதெல்லாம் வேதபாடம் செல்போனிலேயே நடக்கிறதாம். அவரவர் அறையில் இருந்தபடி, ஒருத்தி ஜெபிக்கும்போது மற்றவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தத்தை அடைத்துவிட வேண்டுமாம்.

ஜான்சி ஓசூரில் வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள். என்னை மறக்காமல் கூப்பிடுகிறாள். பேரைப் பார்த்துத்தான் போனை எடுக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும், “யாருங்க பேசுறது?” என்று வாயில் வந்துவிடுகிறது. அவள் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கிறாள். நானும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சும்மா இருக்கிறேன். அப்புறம் அந்தக் கரகரத்த குரல்தான், “நான்தான் ஆன்ட்டி, ஜான்சி” என்கிறது.