சாமி தின்ற செடி

திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரில் மாவு மில் நடத்துகிறவர் மாரீஸ்வரன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற வழக்கம்கூடக் கிடையாது. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்ததற்கு அவர் மனைவி ராமலட்சுமியின் வீட்டார் கோயில் கோயிலாகப் போய்க் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மனுசருக்குச் செடிப் பைத்தியம். குடிகாரனையாவது மாத்திரை வாங்கிக் கொடுத்துத் திருத்தலாம், இதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது ராமலட்சுமியின் தீராத கேள்வி.

ஆசை இருந்தால் போதுமா, மண் இடம் கொடுக்க வேண்டாமா? அந்த ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் குழாயில் வருகிற அன்று குடத்தை விட்டுவிட்டுச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. வண்டியில் வந்த வியாபாரியிடம் வாங்கி வைத்த ரோஜா பங்குனியைத் தாண்டவில்லை. மல்லிகை இரண்டு மொட்டு வைத்துவிட்டுக் கருகியது. இவர் செடி வைப்பதும் அது சாவதும் பழகிப்போய், "என்னப்பா, இந்த வருசம் யாருக்குக் கருமாதி?" என்று மாவரைக்க வருகிறவர்கள் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் செல்போனில் அந்த நர்சரி கண்ணில் பட்டது. கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. ஒரு பருவத்தோடு முடிந்துபோகிற பூச்செடி எதையும் அவர்கள் விற்பதில்லை. ஒருதடவை வைத்தால் வருசக்கணக்கில் நிற்கிற செடிகள் மட்டும்தான், அதையும் கூரியரில் அனுப்பி வைப்பார்கள். அவர் கூப்பிட்டபோது ஒரு அம்மா பேசினார்.

"உங்க ஊரு வெயிலுக்கு அடீனியம் வைங்க. பாலைவனத்துச் செடிங்க. தண்ணி கம்மியா விட்டாத்தானுங்க நல்லா வரும்."

தண்ணீரைக் குறைத்தால் நன்றாக வருகிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்பதே மாரீஸ்வரனுக்குப் பெரிய சேதி. அந்த இடத்திலேயே ஆர்டர் போட்டுவிட்டார். போனை வைக்கப் போகும்போது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. கிளையை ஒடிச்சா பால் வரும். அரளி சாதிதானுங்க இதும். ஆடு மாடு வாய் வைக்காமப் பாத்துக்கணும், விசம்."

"சரிங்கம்மா" என்றார். அந்த அம்மா சொன்னதில் மற்றதையெல்லாம் ஊருக்கே சொன்னவர், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. விசம் என்று தெரிந்தால் ராமலட்சுமி பார்சலை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

கூரியர்காரர்கள் அந்த ஊருக்கு வருவதில்லை. "பார்சல் வந்திருக்கு சார், பாளையம்பட்டிக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்று போன் வரும். இவர் மில்லைப் பூட்டிவிட்டு, கல்யாணப் பெண்ணை அழைக்கப் போகிறவர் மாதிரி மாவு படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுப்பார். பெட்டியைப் பிரித்தால் மண் இல்லாமல், பேப்பரில் சுற்றி, வேர் வெறுமனே தெரிய, அடிவயிறு பருத்த செடிகள். "என்னது, சேனைக்கிழங்கா?" என்று கேட்டாள் ராமலட்சுமி. அடுத்த சித்திரையில், ஊரே வாடிக் கிடந்தபோது, அந்தச் சேனைக்கிழங்கு ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. மாவரைக்க வந்த பெண்கள் மாடி ஏறிப் போய் அதன் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்தார்கள். ராமலட்சுமியும் ஒன்று பிடித்துத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். மாரீஸ்வரன் அடுத்த பார்சலுக்குச் சொல்லிவிட்டார்.

தொட்டிகளை அவர் மில்லின் மொட்டை மாடியில்தான் வைத்திருந்தார். அதற்குக் காரணம் சாமி.

சாமி என்றால் கிடாய். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி நேர்ந்துவிட்ட கிடாய். புருசனை இழந்த பாண்டீஸ்வரி காட்டு வேலைக்குப் போய் மகளை வளர்த்தவள், இப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறாள். மகள் நாகஜோதியை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்து வருசங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊருணிக்கரைக் கருப்பசாமியிடம் போய், "எம்மகளுக்கு ஒரு பிள்ளையக் குடு, மொட்டை போடும்போது உனக்குக் கிடா வெட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டு ஒரு குட்டியை விட்டாள். அது கொம்பு முளைத்துத் திரிய ஆரம்பித்த வருசம் நாகஜோதி உண்டாகிவிட்டாள். அதோடு கிடாய்க்கு ஊரில் மவுசு ஏறிவிட்டது.

நேர்ந்துவிட்ட கிடாயை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, வாய் வைத்ததைப் பிடுங்கக் கூடாது. வாசலுக்கு வந்துவிட்டால் கையில் இருப்பதில் கொஞ்சம் போட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் அந்தக் கிடாய்க்கு மனப்பாடம். டீக்கடை வாழைத்தாரில் வாய் வைக்கும், சுவரில் ஒட்டிய கல்யாணப் போஸ்டரை மாப்பிள்ளை முகத்தோடு கிழித்துத் தின்னும். கழுத்து மணிச் சத்தம் கேட்டாலே, "சாமி வருது, கீரைய உள்ள வைங்க" என்று தெருவே பரபரக்கும். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே திட்டுவார்கள்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் மாரீஸ்வரன் மாடியில் நின்று அடீனியம் கிளைகளை வெட்டினார். கோடைக்கு முன்னால் வெட்டிவிட்டால்தான் புதுக்கிளை விட்டு நிறையப் பூக்கும் என்று நர்சரி அம்மா சொல்லியிருந்தார். வெட்டியதை ஒரு கூடையில் அள்ளி வந்து வீட்டுக் கொல்லையில் வைத்தார். குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அதற்குள் மில் வாசலில் வத்தல் மூட்டையோடு ஆள் வந்து நின்றது. கரண்டு போவதற்குள் அரைத்துக் கொடுத்துவிடலாம் என்று போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

சாப்பிட வந்தபோது கூடை காலியாகக் கிடந்தது.

"இதுல கிடந்தது எங்க?"

"சாமி வந்துச்சு. அகத்திக் குச்சியோட சேத்து அள்ளிப் போட்டேன். பசி போல, அம்புட்டையும் தின்னுட்டுப் போயிருச்சு" என்றாள் ராமலட்சுமி, ஒரு புண்ணியம் சேர்ந்த சந்தோசத்தில்.

மாரீஸ்வரன் தட்டு முன்னால் உட்கார்ந்தார். அந்த நிமிசமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். கிடாயைப் பிடித்து வண்டியில் போட்டுத் திருச்சுழி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பார்களே. கல்லைத் தின்றாலும் செரிக்கிற பிராணி, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். பிறகு மில்லுக்குப் போனார். மோட்டார் ஓடினாலும் காது மணிச் சத்தத்துக்காகவே காத்திருந்தது. சத்தம் வரவில்லை.

பொழுது சாயும்போது பாண்டீஸ்வரி அலறுகிற சத்தம் கேட்டது. புளியமரத்தடியில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தது கிடாய். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள் சிலர், மருந்தடித்த காட்டில் மேய்ந்திருக்கும் என்றார்கள் சிலர். சாமிக்கு விட்டதைத் தின்னக் கூடாது என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுத்துணி போர்த்தி, ஊருணிக்கரையில் புதைத்தார்கள். மாரீஸ்வரனும் ஒரு மண்வெட்டி பிடித்தார். வேர்வையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிடாய் செத்ததோடு விசயம் முடியவில்லை. கோயில் பூசாரி, "ஏதோ குறை இருக்கு தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாண்டீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள். குடுத்ததைக் கருப்பன் ஏற்றுக்கொள்ளவில்லை, அப்படியென்றால் பிள்ளையையும் திருப்பி எடுத்துக்கொள்வான். மகளுக்கு நிச்சயித்திருந்த வளைகாப்பை வேண்டாம் என்றாள். பிரசவத்துக்கு இங்கே வராதே, என் முகத்தில் முழிக்காதே, என் தோசம் உன் வயிற்றில் இருக்கிறதையும் தொட்டுவிடும் என்று போனில் சொல்லிவிட்டுப் படுத்தவள்தான். பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அங்கே நாகஜோதி நிறைமாசத்தை நெருங்குகிற வயிற்றோடு அழுதுகொண்டிருந்தாள்.

ராமலட்சுமி வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். ஒருநாள் மில்லில் வந்து நின்று சொன்னாள்: "என்ன குறைன்னு யோசிச்சு யோசிச்சு பாண்டி கண்டுபிடிச்சிருச்சுங்க. போன தைக்கு இடிச்ச மாவுல கிடா வாயை வச்சிருச்சுன்னு விளக்கமாத்தால ஒரு அடி அடிச்சிருக்கு. அந்த அடிதான் எம்மகளைக் கொல்லப் போகுதுன்னு தலையில தலையில அடிச்சுக்கிருது. பாக்க முடியல."

மாரீஸ்வரன் மோட்டாரை நிறுத்தினார். தான் கொன்ற கிடாய்க்கு ஒரு அப்பாவிப் பெண் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த வார்த்தையைச் சொன்னால் கூடவே இன்னொன்றும் வெளியே வரும். சாமி கிடாய்க்குத் தன் கையாலேயே விசம் வைத்தோம் என்று ராமலட்சுமிக்குத் தெரிந்துவிடும். மனைவிக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாளும் அவர் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். அது பாதிதான் உண்மை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மீதிப் பாதி வெறும் பயம்.

மில்லைப் பூட்டாமலே பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனார். அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"பாண்டி, எந்திரி. கருப்பன் ஒண்ணும் பண்ணலை. நான்தான்."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நான் பார்சல்ல வாங்குன செடி இருக்குல்ல, அது விசம். வெட்டிப் போட்ட கிளையத்தான் கிடா தின்னுச்சு. நான்தான் போட்டேன்."

"அவுக போடலை."

வாசலில் கஞ்சிச் செம்போடு ராமலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். புருசன் மில்லைத் திறந்துபோட்டுவிட்டு ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"நான்தான் பாண்டி போட்டேன். சாமிக்குன்னு என் கையால அள்ளிப் போட்டேன்" என்றவள், புருசன் பக்கம் திரும்பினாள். "விசம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வாங்குறப்பவே."

"வாங்குறப்பவே" என்று திருப்பிச் சொன்னாள்.

பாண்டீஸ்வரி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மாரீஸ்வரன் தலையைக் குனிந்து காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் அடிச்சதுனால இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் ஊருணி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள். துக்கம் இறங்குகிற அழுகை அது. பார்த்துக்கொண்டு நின்ற மாரீஸ்வரனுக்குத்தான் தாங்க முடியவில்லை.

"நல்ல கிடாயா நானே பிடிச்சாந்து தாரேன் பாண்டி" என்றார்.

"வேணாம்ணே. நீங்க குடுத்தா அது உங்க நேத்தியாப் போயிரும். என் நேத்திய நான்தான் செலுத்தணும். இன்னொரு குட்டி விட்டு வளக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொன்னாள். அவர் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தது அதோடு முடிந்தது.

பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள். "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே அவகிட்டச் சொல்லிருங்கண்ணே."

அவர் இன்னொரு தடவை சொன்னார். பிறந்ததிலிருந்து மாமா மாமா என்று மில்லைச் சுற்றி ஓடிய பிள்ளையிடம், உன் பிள்ளைக்காக விட்ட கிடாயைக் கொன்றது நான்தான் தாயி என்று சொன்னார்.

"நெசமாவா மாமா? அப்ப சாமிக்கு எங்க மேல கோவம் இல்லையா?"

"இல்ல தாயி. கோவப்படணும்னா என் மேலதான் படணும்."

"அய்யோ மாமா, நீங்க நல்லாருக்கணும். ராத்திரியெல்லாம் வயித்தப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். நீங்க மட்டும் சொல்லலைன்னா இந்தப் பயத்துலயே செத்திருப்பேன்." அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "வளகாப்புக்கு அத்தையக் கூட்டிக்கிட்டு மொத ஆளா வந்திரணும், ஆமா."

மாரீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். ராமலட்சுமி கஞ்சியை டம்ளரில் ஊற்றிப் பாண்டீஸ்வரியின் கையில் கொடுத்தாள். அவள் குடிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். மண்ணைத் தொட்டுத் தேய்த்து மறுபடியும் கழுவினாள்.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்? ரெண்டு பேரும் வருவீகல்ல?"

ராமலட்சுமி அவருக்காக நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.