அவன் பேசியது ஸ்வீடிஷா, துருக்கியா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம், நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் காலை ஏழு மணி சுமாருக்கு நடந்தது இது. அப்போது நான் மயிலாப்பூரில் குடியிருந்தேன். வெளிதேசத்துப் பாதிரிமார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி வேலை. மொழிப் பைத்தியம் என்று வீட்டில் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு!

என்னிடம் தமிழ் படித்த ஸ்வீடன் தேசத்துப் பாதிரியார் ஒருவரிடமிருந்து அவருடைய மொழியைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். துருக்கி மொழியைச் சொல்லித்தந்தவர் ராயப்பேட்டையில் ஒரு முஸ்லிம் தையல்காரர். பதினாலாம் வருஷம் மூண்ட பெரிய சண்டையில் பட்டாளத்தோடு போய், துருக்கியரிடம் கைதியாக இருந்து திரும்பியவர். இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதென்றால் எனக்குத் தலைகால் புரியாது. துருக்கியில் வீடு ‘எவ்’, வீடுகள் ‘எவ்லெர்’, என் வீடுகளில் ‘எவ்லெரிம்டே’. நம் தமிழைப் போலவே ஒன்றின் வாலில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். வினைச்சொல்லும் கடைசியில்தான் வரும். ஸ்வீடிஷ் அப்படியில்லை, அது இங்கிலீஷுக்குப் பங்காளி. பேசினால் மட்டும் பாட்டுப் போல ஏறி இறங்கும். இதையெல்லாம் ஒப்பிட்டு அந்த வாரம் ஒரு சபையில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். நல்ல உதாரணங்கள் தேடி, சட்டைப்பையில் நோட்டும் பென்சிலுமாக அலைந்துகொண்டிருந்த நேரம்.

முந்தின நாள் முழுக்கப் புயல்மழை. அன்று காலை மழை விட்டிருந்தாலும் அலை ஆளுயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஒரே கூட்டம். உடைந்த பலகையோடு மிதந்துவந்த வெள்ளைக்கார மாலுமி ஒருவனைக் குப்பத்து ஆட்கள் இழுத்துக்கொண்டுவந்து மணலில் போட்டிருந்தார்கள். அவனைக் கொண்டுவந்த நாலு பேரும் கட்டுமரத்தைத் தண்ணீர் ஓரத்திலேயே பிடித்தபடி நின்றார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர் கத்தினார். “வா வாத்தியாரே! நீ தொரமாரோட பேசற ஆளு. இவன் இன்னா சொல்றான்னு கேட்டு சொல்லு. மரத்த மேல ஏத்திடலாமா, இல்ல இன்னும் வேலை கீதா?”

கூட்டம் எனக்கு வழிவிட்டது. அடடா, எனக்கு வந்த மிதப்பு இருக்கிறதே! அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு மூச்சுத் திணறத் திணற என்னவோ சொன்னான். ‘வெல்யெனி, வெல்யெனி’ என்று திரும்பத் திரும்ப ஒரு சொல். உயிரெழுத்துகள் துருக்கியில் இருப்பதுபோல ஒன்றுக்கொன்று இணங்கி வந்தன. வாலில் ஏதோ ஒட்டியும் இருந்தது. துருக்கிதான் என்று நினைத்து, தையல்காரர் சொல்லித்தந்தபடி இரண்டு வார்த்தை பேசினேன். விழித்தான். அடுத்த நிமிஷம் அவன் வாயிலிருந்தே சுத்தமான ஸ்வீடிஷ்! ‘மின் ப்ரூர், மின் ப்ரூர்!’

என் சகோதரன் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். நோட்டை எடுத்தேன். இங்கிலீஷில் பிரதர், வடமொழியில் ப்ராதா, ஸ்வீடிஷில் ப்ரூர். சபையில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்று துள்ளிக்கொண்டு எழுதினேன். அந்த மனுஷன் என் கையைப் பிடித்து உலுக்குகிறான், நான் நோட்டு நனையாமல் ஒதுக்கிப் பிடிக்கிறேன்.

“இன்னாப்பா சொல்றான்?” என்றார் கட்டுமரக்காரர்.

“ஊர்ல இருக்கிற தம்பியை நினைச்சு அழறான். பயந்துபோயிருக்கான், வேற ஒண்ணுமில்லை” என்றேன்.

படித்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? கட்டுமரத்தை மேட்டுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது மீன்காரம்மா ஒருத்தி கஞ்சிக் கலயத்தை அவன் வாயருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கொடுத்தாள், அதையும் தள்ளிவிட்டான். அந்த அம்மாள் அவனையும் அவன் பார்த்துக்கொண்டிருந்த கடலையும் மாறிமாறிப் பார்த்தாள். கலயத்தை மணலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“யோவ், மரத்த ஏத்தாத! உப்புத்தண்ணி குடிச்சவன் நல்ல தண்ணி வேணான்றான்யா! கூட போனவன் கரை ஏறாம நம்மாளு எவனாச்சும் வாயில தண்ணி வெப்பானா? உள்ள இன்னொருத்தன் கீறான். தள்ளுங்கடா!”

“இரும்மா, நான்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேனே” என்றேன், எரிச்சலோடு.

“நீ எழுதிக்கினே இரு வாத்தியாரே. அங்க உசுரு போய்க்கினு கீது!”

அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. அவனிடம் திரும்பி, உடைந்த ஸ்வீடிஷில் “எங்கே?” என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி. அவன் கடலுக்குக் கை நீட்டினான், தென்கிழக்காக. துண்டை உருவிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன்.

கட்டுமரம் அதற்குள் அலையில் ஏறிவிட்டது. முதல் அலை திருப்பி அடித்தது. மறுபடி தள்ளினார்கள். மூன்றாம் தடவை தாண்டிப் போனார்கள். நான் கரையில் நின்று, தென்கிழக்கே போகச் சொல்லித் துண்டை வீசித் தொண்டை கிழியக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கட்டுமரம் தெரியும், மறையும், தெரியும். மாலுமி மண்டியிட்டபடி அசையாமல் இருந்தான். ‘சுவாமி, என் அகம்பாவத்துக்குக் கடலில் கிடக்கும் அந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்ளாதே’ என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். வெட்கப்படவில்லை.

கொண்டுவந்துவிட்டார்கள். இருபது வயதுகூட இருக்காது. உதடு நீலம் பாரித்திருந்தது. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, பிறகு இருமல் வந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பலகைய புடிச்சிருந்த கைய உட்டுருப்பான்” என்றார் கட்டுமரக்காரர். யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிற்பாடு அவர்களுடைய கப்பலிலிருந்து வந்த அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது: அண்ணன் தம்பி இருவரும் பின்லாந்துக்காரர்களாம். வீட்டில் பேசுவது பின்னிஷ், ஸ்வீடிஷும் தெரியும். துருக்கியாவது மண்ணாவது! முதலில் அவன் சொன்ன ‘வெல்யெனி’க்கும் ‘என் சகோதரன்’ என்றுதான் பொருளாம். இரண்டு மொழியில் ஒன்றையே கதறியிருக்கிறான்.

போகும்போது அண்ணன்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். தான் சொன்னதைப் புரிந்துகொண்டு கட்டுமரத்தை அனுப்பியவன் நான்தான் என்று நினைத்திருக்கிறான். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ‘தாக், தாக்’ என்றான். நன்றி என்று அர்த்தம். நான் இல்லை, அந்த அம்மாள் என்று சொல்லத் திரும்பினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டிருந்தாள். நானோ வாயைத் திறக்காமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சில்லிட்ட கைகள் என் கைகளைப் பிடித்திருப்பதுபோலவே இருக்கிறது, இது எனக்குச் சேரவேண்டியதுதானா என்று கேட்டுக்கொள்ளாமல் என்னால் தலையாட்ட முடிவதில்லை.