இரண்டு வாசல் மதுச்சாலை

ஜெர்மனியின் எசன் நகருக்கு அருகே ஞானசுந்தரம் வாங்கிய பழைய ஆங்கிலேய மதுச்சாலையில் ஆங்கிலம் என்று சொல்லக்கூடியது பெயர்ப்பலகை ஒன்றுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து தங்கிய பிரிட்டிஷ் படையினருக்காக, ஒரு ஜெர்மன் தச்சர் தபாலட்டைப் படத்தைப் பார்த்துக் கட்டியது. முகட்டில் ஓடும் கறுத்த உத்தரங்கள் எதையும் தாங்கவில்லை. வெறும் பலகைக் கோது, உள்ளே காற்று. இதைத்தான் புராதனக் கட்டட அலுவலகம் ‘அசல்’ என்று பொத்திப் பாதுகாத்தது.

உத்தரத்தை ஞானசுந்தரம் மன்னித்துவிட்டார். வயிற்றெரிச்சலெல்லாம் நடுச்சுவரோடு. சிப்பாய்களுக்கு ஒரு வாசல், அதிகாரிகளுக்கு ஒரு வாசல். ஒருவர் குடிப்பதை மற்றவர் காணாதபடி இடையே மரமும் மங்கல் கண்ணாடியுமாக ஒரு சுவர். அது முடியும் இடத்தில் நின்றுதான் பரிமாறுபவர் இரு பக்கத்துக்கும் ஊற்றுவாராம். பாண் தொழிற்சாலையில் மாப்பிசைந்து முதுகொடிந்த அவருக்கு ஒரே ஆசை: சனமெல்லாம் ஒன்றாக உட்கார ஒரு கல்யாண மண்டபம். வாய்த்ததோ, சனத்தைப் பிரிக்கவென்றே கட்டியது.

சுவரை இடிக்கக் கேட்டு எழுதிய மூன்றாவது அந்த்ராக்கும், அதாவது விண்ணப்பமும், தள்ளுபடியானபின் அலுவலகப் பெண்மணி நேரில் வந்து சுவரைத் தடவினார். “இந்தக் கட்டடத்தின் உயிரே இதுதான்.”

“அப்ப மணவறையைப் பாதி அங்காலயும் பாதி இங்காலயுமோ வைக்கிறது?” என்று ஞானசுந்தரம் தன் மனைவி பாலாம்பிகையிடம் தமிழில் சீறினார்.

“அவவிட்ட டொச்சில கேளுங்கோவன்.”

“கேட்டா பதில் சொல்லத் தொடங்கியிடுவா.”

விற்றுத் தொலைப்பது என்று அவர் முடிவெடுத்த கிழமைதான், மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி பிறேமா வந்தார். ஒரு வாசலால் புகுந்து, மற்ற வாசலாலும் புகுந்து பார்த்தார்.

“அண்ணை, இந்தச் சுவரை இடிக்கப் போறியளோ?”

“ஏலாது தங்கச்சி. விடமாட்டினமாம்.”

“அப்பாடா! என்ர ரெண்டு அண்ணன்மாரும் ஆளையாள் முகத்தில முழிக்கிறேல்லை. ஒருத்தர் வந்தா மற்றவர் வரமாட்டார். இங்க ஆளுக்கொரு வாசல். மணவறையை அந்த ஊத்துற இடத்தில வைப்பம், ரெண்டு பக்கமும் தெரியும்.”

ஆளுக்கொரு வாசல் வைக்க நமக்கு வெள்ளைக்காரனா சொல்லித்தர வேண்டும்? ஞானசுந்தரம் விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கல்யாணத் திகதியைக் குறித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே மணமக்களின் தலைகளில் அறுகரிசி விழுந்தது. ஒரே கூரையின் கீழ் சனம் இருந்ததென்னவோ உண்மை. பந்தி முடிந்ததும் பிறேமாவின் மூத்த அண்ணன் ஞானசுந்தரத்தை ஓரமாக அழைத்தார்.

“மண்டபம் திறம். ஆனா கண்ணாடியில அவன்ர நிழல் விழுகுது. சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்க ஏலாதோ?”

“அதுக்கும் அந்த்ராக் போடவேணும்,” என்று பல்லைக் கடித்தார் ஞானசுந்தரம்.