சிமெண்டுத் தளமும் மெத்தைக் கடைப் பூனையும்

எனக்கு முப்பது வயது நிரம்புவதற்கு முன்னர், மதுரையின் பழைய தெருவொன்றில் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் நடத்திவந்த மெத்தைக் கடையில் உறை தைக்கும் வேலை செய்துவந்தேன். கடையின் பின்கட்டே அவருடைய வீடு. பஞ்சு உள்ள இடத்தில் எலி குடியேறும். ஆதலால் அங்கே ஒரு பூனையும் வளர்ந்தது. கண் திறவாத குட்டியாய்க் கிடைத்த அதனைத் துணிநுனியில் பால் நனைத்துப் புகட்டிக் காப்பாற்றியவர் முதலாளியின் தமக்கையார். கணவரை இழந்து தம்பி வீட்டில் இருந்த அவ்வம்மையார், பகல் முழுதும் பூனையோடு பேசிக்கொண்டிருப்பது கதவுக்கு இப்பால் எங்களுக்குக் கேட்கும்.

இரண்டாண்டுகள் குற்றமின்றி வாழ்ந்த அப்பூனை, ஒரு கோடையில் இலவம்பஞ்சுக் குவியலில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிற்று. முதலில் அதட்டினோம். பின்னர் அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து அடித்தோம். அடித்தவர்களில் நானும் ஒருவன். எங்களைக் கண்டு ஒளிய அது கற்றுக்கொண்டதே தவிர வழக்கத்தை விடவில்லை. இறுதியில், உசிலம்பட்டிக் கல்யாண வீட்டிற்காகத் தைத்து முடித்திருந்த மெத்தையையே நனைத்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடியும் தைக்க எனக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது.

முதலாளி ஒரு சாக்கை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்ததும் இதுல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வாரேன். அம்புட்டுத்தான்!"

"என்னையும் சேத்துக் கட்டிரு. ரெண்டு பேரும் தண்டச்சோறுதான?" என்று கதவுக்குப் பின்னிருந்து தமக்கையாரின் குரல் வந்தது.

"உனக்குச் சாக்கு எப்படிக்கா பத்தும்? மெத்தை உறைதான் தைக்கணும்."

நாங்கள் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த நான், திறந்திருந்த கதவின் வழியே பின்கட்டு முற்றத்தில் பூனை முன்னங்காலால் தரையைச் சுரண்டுவதைக் கண்டேன். முகர்ந்தது, தள்ளிச் சென்று மீண்டும் சுரண்டியது. நகம் வழுக்கிற்றே அன்றி எதுவும் பெயரவில்லை. உடனே திரும்பிப் பஞ்சறையை நோக்கி நடந்தது.

"பாய், முத்தத்துல சிமெண்டு எப்பப் போட்டீங்க?"

"இந்தப் பங்குனியிலதான். ஏன்?"

"பூனை எப்பக் கெட்டுச்சு?"

முதலாளி திரும்பி முற்றத்தைப் பார்த்தார். அதுவரை அம்முற்றம் வெறும் மண்தரை. எங்கள் தெருவில் சிமெண்டுத் தளம் கண்ட முதல் முற்றம் அதுவே. மெத்தை வாங்க வந்தவர்களையெல்லாம் அழைத்துச் சென்று காட்டுவார்.

"அதுக்காகத் தளத்தைப் பேத்தெடுக்கச் சொல்றியா மாப்ள?" என்றார் பிறகு.

மண்ணெண்ணெய்த் தகரமொன்றைக் குறுக்கே வெட்டி, வைகை மணலை நிரப்பி முற்றத்து மூலையில் வைத்தேன், பஞ்சறையையும் சாத்தினேன். பூனை தகரத்தைச் சுற்றிவந்து பார்த்ததோடு சரி. வியாழன் நண்பகலிலும் மணல் கலையாமல் கிடந்தது. என் யோசனை தோற்றதென்றே எண்ணினேன்.

"அதோட வாடை இல்லாத எடத்துக்கு அது எப்படித் தம்பி வரும்?" என்று கூறிய அம்மையார், நனைந்த பஞ்சில் ஒரு பிடி எடுத்து மணலுக்குள் புதைத்தார்.

பொழுது சாயும் வேளையில் பின்கட்டிலிருந்து கூவினார்: "தம்பி, இங்க வாங்க! மூடுது பாருங்க, மணலப் போட்டு மூடுது!"

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்துவந்த முதலாளி தகரத்தை எட்டிப் பார்த்தார். "நாலு நாள் பாப்போம்," என்றார். சாக்கு ஆணியிலேயே தொங்கியது. ஒன்றுவிட்டு ஒருநாள் மணலை மாற்றிவந்தேன். பஞ்சறையைத் திறந்துவிட்ட பின்னும் பஞ்சு உலர்ந்தே இருந்தது. அதன் பின்னர் எவரேனும் தம் நாயோ பூனையோ கெட்டுவிட்டதென்று முறையிட்டால், வீட்டில் அண்மையில் என்ன மாறிற்று என்பதையே முதலில் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று.

பத்து நாட்கள் சென்றிருக்கும். காலையில் கடைக்கு வந்தபோது, முதலாளி உளியும் சுத்தியலுமாக முற்றத்து மூலையில் குந்தியிருந்தார். அவர் அருமையாய்ப் போட்ட தளத்தில் ஒரு முழச் சதுரம் மண்ணாகியிருந்தது.

"தகரம் பாக்க அசிங்கமா இருக்கு மாப்ள," என்றார் நிமிராமலே.

தமக்கையார் ஆணியிலிருந்த சாக்கை எடுத்துவந்து, பெயர்த்த சிமெண்டுத் துண்டுகளின் அருகே போட்டார்.

"இந்தா, இத அள்ளிக் கட்டிக் கொண்டு போயி அக்கரையில விட்டுட்டு வா."