எண்ணெய் பூசிய தர்பூசணிகள்

என் அக்கா கையில் எடுத்தால் தர்பூசணியும் தப்பு செய்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி ஆகிவிடும். முதலில் புரட்டிப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பாள். அப்புறம் காம்பை நிமிண்டுவாள். கடைசியாக நடு மண்டையில் ஒரு குட்டு. 'தொம்' என்று வயிற்றிலிருந்து பேசினால் பழம். 'டிங்' என்று தொண்டையிலிருந்து கத்தினால் காய். 'பொத்' என்று முனகினால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். அதனால்தான் தெருவில் அவளுக்குக் குட்டக்கா என்று பெயர். ஆள் என்னவோ பனைமர உயரம்.

விளையாட்டு மைதானத்தின் வாசலில் தள்ளுவண்டி போட்டுப் பழம் நறுக்கி விற்கிறாள். தொழிலில் அவளுக்குப் பழம் ஒரு தொல்லையே இல்லை. தண்ணீர்தான் தொல்லை. கத்தி, பலகை, தட்டு எல்லாம் கழுவ வேண்டுமே! சாலையைக் கடந்து தையல்கடையில் கேட்பாள். அங்கே இல்லையென்றால் மருந்துக்கடையில். ஒரு நாள் "பிடிச்சுக்கோம்மா" என்பார்கள், மறுநாள் "மோட்டார் ஓடலை" என்பார்கள். யாருக்கும் தலை வணங்காதவள் ஒரு வாளித் தண்ணீருக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைதானத்து வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. உள்ளே குழாய் இருக்கிறது, தொட்டி இருக்கிறது. அக்கா மைதான மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். திடீரென்று ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டப்பந்தயம் நடக்குது. ஓடி முடிக்கிறவங்களுக்கெல்லாம் நீங்க தர்பூசணி குடுக்கணும். ஒருத்தர்கூட முகம் சுளிக்கக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா அந்த அறையை உங்களுக்கே தந்துடறேன்."

அன்றைக்கு அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது மூச்சு வாங்கியது. "குழாய்டி! நமக்கே நமக்குன்னு ஒரு குழாய்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

சனிக்கிழமை மண்டியில் வியாபாரி, எடுத்தால் குவியலோடு எடு, பொறுக்கித் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரியென்று மொத்தத்தையும் ஏற்றிவந்து, வீட்டு முன்னறையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தோல் மங்கி, காம்பு காய்ந்து, தரையில் படுத்திருந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருந்ததெல்லாம் சன்னல் பக்கம் போனது. பளபளவென்று, பச்சைக் காம்போடு, அடியில் வெளுத்துக் கிடந்ததெல்லாம் கதவுப் பக்கம். அவை காய்கள், ஆடு வளர்ப்பவருக்கு. வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் மேசைகள் இரவல் வாங்கப் போனோம்.

வீட்டில் மாமா இருந்தார். அக்காவின் கணவர். தங்கமான மனுஷன், ஆனால் உதவி செய்கிறேன் என்று எழுந்தால்தான் பயம். கல்யாணமான புதிதில் காயாக இருந்த ஒரு தர்பூசணியைப் போர்வையில் சுற்றி வைத்துப் பழுக்கட்டும் என்று காத்திருந்தவர். "இது என்ன மாம்பழமா? கொடியை விட்டு வந்துட்டா அவ்வளவுதாங்க. வீட்ல வெச்சா அழுகும், பழுக்காது" என்று அக்கா அன்றைக்கே பாடம் எடுத்திருக்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமா வியர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் நின்றார். உள்ளே போய்ப் பார்த்தோம். இரண்டு பக்கத்துப் பழங்களும் ஒரே கோபுரமாக நின்றன. எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் தொட்டுத் துடைத்து, காம்பையெல்லாம் கத்தரியால் ஒட்ட வெட்டியிருந்தார். அத்தனையும் கண்ணாடி மாதிரி மின்னின.

"பந்தயத்துக்குப் போறது, பார்க்க லட்சணமா இருக்கணும்ல?" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தோலின் மங்கலைப் பார்க்கலாம் என்றால் எண்ணெய். காம்பைப் பார்க்கலாம் என்றால் காம்பே இல்லை. அதற்குள் இரவல் மேசைகளை ஏற்றி வந்திருந்த வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். மேசையோடு பழங்களையும் ஏற்றி இப்போதே மைதானத்தில் இறக்கிவிட வேண்டும், காலையில் அவருக்கு வேறு சவாரி. நான் மாமாவை நன்றாக நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள்.

"விடுடி. பதறாத காரியம் சிதறாது. காலையில அங்க வெச்சுக் குட்டிப் பார்த்துக்கறேன்."

காலையில் போனால் மைதானத்தில் ஒலிபெருக்கி! பாட்டும் அறிவிப்புமாகக் காது கிழிந்தது. அக்கா குட்டுகிறாள், அவளுக்கே கேட்கவில்லை. பழத்தில் காதை வைத்துப் பார்த்தாள், அதற்கும் ஒலிபெருக்கிதான் பதில் சொன்னது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடப்போகிறவர்கள் குதித்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒரு பழத்தைப் புரட்டினாள்.

"படுத்த இடத்தை எண்ணெயால அழிக்க முடியாதுல்ல? வெளுத்ததை எல்லாம் அந்தப் பக்கம் உருட்டு. மஞ்சளை என்கிட்ட குடு."

நான் உருட்டினேன், மாமா உருட்டினார். மஞ்சளா வெள்ளையா என்று சந்தேகம் வந்ததை அக்கா இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் குட்டினாள். காது கேட்காததை உள்ளங்கை கேட்டுச் சொன்னது. நல்ல பழமென்றால் அதிர்வு அடிவரை வந்து கையில் தட்டுமாம். காய் கல்லு மாதிரி கம்மென்று இருக்குமாம். வேகம் பிடித்துவிட்டது. குட்டு, தள்ளு, குட்டு, வை! துப்பாக்கி வெடித்து ஓட்டம் தொடங்கியபோது எங்கள் குவியலும் பிரிந்துவிட்டது. எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

முதல் பழத்தை வெட்டும்போது மேலாளர் வந்து நின்றார். கத்தி இறங்கியது, பழம் இரண்டானது. நடுவில் கைவிரல் நுழைகிற அளவுக்குப் பெரிய வெடிப்பு.

"என்னம்மா இது? கெட்டுப்போனதையா குடுக்கப் போறீங்க?" என்றார். மாமா மேசைக்குப் பின்னால் பதுங்கினார். இதோ போயிற்று குழாய் என்று நினைத்தேன்.

அக்கா பதறவில்லை. "கெட்டது இல்லீங்க. கொடி காய்ஞ்சு கெடந்துட்டு திடீர்னு தண்ணி பாய்ச்சினா, தோல் வளர்ற வேகத்துக்கு உள்ள சதை வளராது. நடுவுல பிளந்துக்கும். கெட்டதுன்னா கொழகொழன்னு இருக்கும், புளிச்ச வாடை அடிக்கும். மோந்து பாருங்க."

அவர் முகர்ந்தார். முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. வெடிப்பை ஒட்டிய சதையில் ஒரு துண்டு வெட்டி அக்கா முதலில் தான் தின்றாள், அடுத்த துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

"சாப்பிட நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்க்கறவங்க சொல்லுவாங்களே!"

"துண்டா வெட்டிக் கிண்ணத்துல போட்டா வெடிப்பு எங்க தெரியப்போகுது?"

அதற்குள் முதல் ஆள் கோட்டைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே கூட்டம். அப்புறம் எதையும் யோசிக்க நேரமில்லை. அக்கா வெட்ட, நான் கிண்ணத்தில் அள்ள, மாமா நீட்ட, ஒரே அமளி. மோவாயில் சாறு வழிய வழிய நின்று சாப்பிட்டார்கள். "இன்னொண்ணு குடுங்கக்கா!" என்று சின்னப்பெண் முதல் நரைத்தவர் வரை கை நீட்டினார்கள்.

பாதிக் கூட்டம் வரும் முன்பே பழம் குறைவது தெரிந்தது. மேலாளர் ஒதுக்கி வைத்த குவியலைக் காட்டினார். "அதையும் வெட்டுங்கம்மா. தாகத்துல வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"தெரியும்ங்க. இவ்வளவு தூரம் ஓடி வந்தவங்களுக்கு வெள்ளரிக்காயா குடுப்பேன்? அறை கெடைக்கலைன்னாலும் பரவாயில்ல, அதை வெட்டமாட்டேன்."

சொல்லிவிட்டாள். எனக்கோ அவள் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. அவள் துண்டுகளைச் சின்னதாக்கினாள். கிண்ணத்துக்கு நாலு இருந்தது இரண்டானது. கடைசியாக ஒரு குண்டு மனிதர் நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியபோது கடைசிப் பழத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அப்படியே புல்லில் மல்லாந்து படுத்து, "அப்பாடா" என்றார்.

மேலாளர் அவரைப் பார்த்தார். காலிக் கிண்ணங்களைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பரிசு கொடுக்கப் போய்விட்டார்.

அக்கா சாவியை எடுத்தவள் ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். கதவு திறந்தது, உள்ளே தூசி, பழைய பெயிண்ட் டப்பாக்கள், மூலையில் குழாய். அவள் அதைத் திருகினாள். முதலில் காற்றுதான் சீறியது, அப்புறம் தண்ணீர் கொட்டியது. பிசுபிசுத்த கையைக் கழுவினாள், முகம் கழுவினாள், மறுபடி கையைக் கழுவினாள். குழாயை மூடவே இல்லை. நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரையும் கேக்காம திறந்தேன்டி" என்றாள்.