சண்முகம் குடிக்காத ஒயின்

காரிமங்கலம் சந்தையில் வெள்ளரிப் பிஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏரியூர் பக்கம் நிலம் அளக்கப் போன சண்முகம், வெயில் தாங்கவில்லை என்று புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கூடப் போனவர்கள் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தபோது உயிர் இல்லை. பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். இப்படிப்பட்ட மனுஷன் இந்தச் சித்திரை வெயிலிலா போக வேண்டும் என்று வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

என்னைப் போலச் சர்வேயர் சண்முகத்தோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு பங்காளியும் நம்மளத் திட்டுனா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம்" என்பார். டீயைத் தவிர வேறெதையும் தொடாதவர். ஆனால் கோடை வந்தால் சேலத்துக்குப் போய் ஒயின் வாங்கி வருவார். அந்தப் பாட்டிலைப் பார்த்த சிலர் அவரைப் பற்றிக் கண்டபடி பேசினார்கள். செத்த பிறகும் பேசுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மனைவி ஷீலா பெங்களூர்க்காரர், வீட்டில் பேசுவது கன்னடம். அவர் பிறந்த வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு பெரியவர்கள் அரை கிளாஸ் ஒயின் குடிப்பது வழக்கம். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் எங்கள் ஊர் வெயிலுக்கு அவருக்குச் சோறே இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவார். பெங்களூருக்கே போய்விடுகிறேன் என்று ஒருநாள் சொல்லியும் விட்டார். சண்முகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பக்கம் அவருடைய அம்மா முனியம்மாள். புருஷன் குடித்தே நிலத்தை அழித்ததைக் கண்ணால் பார்த்தவர். குடிக்கவே மாட்டேன் என்று மகனிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்து ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். பிறந்த வீட்டுப் பழக்கம் இங்கேயும் இருந்தால் ஷீலாவுக்குச் சோறு இறங்கும் என்று சேலத்தில் ஒரு கடையைத் தேடிப் பிடித்து, விலை கூடினால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி, கருஞ்சிவப்பில் கனமான ஒரு பாட்டிலை வாங்கிவந்தார் சண்முகம். அக்னி நட்சத்திரத்தில் சுடச்சுடக் களி, காரமான கறிக்குழம்பு, பக்கத்தில் இது. குளிரவும் வைக்கவில்லை. ஷீலாவுக்கு வியர்த்து ஊற்றி, பாதியில் எழுந்துவிட்டார். "மே மாசத்துல கம்பளி போத்திவிட்ட மாதிரி ஆயிடுச்சுப்பா" என்று மறுநாள் சண்முகம் என்னிடம் சொல்லிச் சிரித்தார். முகம் என்னவோ வாடித்தான் இருந்தது.

பிறகு ஒருமுறை நானும் கூடப் போனேன். கடையிலிருந்தவர், "விருந்துக்குன்னா இதுதான் சார்" என்று விலை கூடியதை நீட்டினார். "விருந்துக்கு இல்லீங்க, வூட்டுச் சோத்துக்குங்க" என்றார் சண்முகம். ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். "வெயிலுக்கு லேசா இருக்கோணும்ப்பா. ஆல்கஹால் பன்னெண்டு பர்சென்ட்டுக்கு மேல போவக் கூடாது. வெள்ளை, இல்லைனா ரோஸ் கலரு. பழசு வேணாம், போன வருசத்துது போதும். வெலையும் கம்மியா இருக்கும்." மீன் வறுவலுக்கும், ஷீலா ஊறவைத்த பாசிப்பருப்போடு கலக்கும் வெள்ளரிக்காய் கோசம்பரிக்கும் புளிப்பானது, காரமான கோழிக்குக் கொஞ்சம் இனிப்பானது என்று பிரித்து வைத்திருந்தார். களிக்கு? "அதுக்கு எதுவும் சேராது, மோரக் குடி."

"நீங்கதான் தொடறதே இல்லையே, எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"ஷீலா ஒரு வாய் குடிச்சதும் அடுத்த வாய் சோறு எடுக்கறாளான்னு பாப்பேன். எடுத்தான்னா அது நல்ல ஒயினு."

முனியம்மாள் மட்டும் மசியவில்லை. மேசையில் பாட்டில் இருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். பாதிச் சாப்பாட்டில் மகனைக் கூப்பிட்டு, "ஊதுடா" என்பார். தாசில்தாருக்கே பயப்படாத ஆள், அம்மா முன்னால் குனிந்து ஊதிக்காட்டுவார். பிறகு தன் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சாப்பிடுவார். ஞாயிறுதோறும் இரண்டு இடத்தில் அவருக்குச் சாப்பாடு. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "என்னைக்காச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடோணும்ப்பா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

காரியம் முடிந்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். முனியம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"கண்ணு, ஷீலா சரியா திங்கறதே இல்ல. அவன் ஒண்ணு வாங்கியாருவானே, அத வாங்கியாந்து குடு."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. சேலத்துக்குப் போய், சண்முகம் சொன்னதெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்து, வெள்ளையில் ஒன்றை வாங்கினேன். ஞாயிறு மதியம் ஐஸ் வாளியில் வைத்துக் குளிரவைத்தேன். மீன் வறுத்திருந்தார்கள். முனியம்மாள் வெளியே போகவில்லை. ஷீலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, "எவ்ளோ ஊத்தோணும், சொல்லு" என்று கேட்டு அவரே ஊற்றினார்.

ஷீலா கொஞ்சம் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிப்பு ஜாஸ்தி அண்ணா" என்றார். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. முனியம்மாள் ஒரு மீன் துண்டை முள் எடுத்து மருமகள் தட்டில் வைத்தார். என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவ பாத்து வாங்கியா" என்றார்.

சண்முகத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலைதான். யார் என்ன பேசினாலும் இதை விடப்போவதில்லை. போன ஞாயிறும் மாமியாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.