அண்ணன் பிரித்த பொட்டலம்

நேற்று திருநகர் பஸ் ஸ்டாப்பில் பக்கத்திலிருந்தவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். சூட்டில் வதங்கிய வாழை இலை வாசனை வந்ததும் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இருபது வருடமாகியும் அந்த வாசனை எனக்கு ஆகவில்லை.

அப்போது ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையோரம் குடிசை போட்டிருந்தோம். கொள்கை கிள்கையெல்லாம் யாருக்குத் தெரியும்? பட்டா வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாரோ அவர் கட்சிதான் நம் கட்சி. நான் கம்பி கட்டுகிறவன்; பக்கத்துக் குடிசை முருகேசண்ணன் கொத்தனார். ஒரே சைக்கிளில்தான் வேலைக்குப் போவோம். உள்ளாட்சித் தேர்தலில் அவர் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட், நான் எதிர்க்கட்சிக்கு. பூத் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இருந்ததோ ஒரே பெஞ்சு. தோள் இடிக்க உட்கார்ந்து, செத்தவர் ஓட்டைப் போட வந்தவர்களை இரண்டு பேரும் சேர்ந்தேதான் விரட்டினோம்.

எங்கள் ஆட்கள் அனுப்புவதாகச் சொன்ன சாப்பாடு மூன்று மணிவரை வரவில்லை. அவருக்குப் பிரியாணி வந்தது.

"என்னடா பாக்குற? வயித்துக்குமா கட்சி இருக்கு? கைய வைய்யி."

வைத்தேன். ஜன்னல் வழியாக எங்கள் ஆள் ஒருவன் பார்த்துவிட்டான்.

பெட்டிக்குச் சீல் வைத்து வெளியே வந்ததும் ஏழெட்டுப் பேர் வளைத்துக்கொண்டார்கள். "அவன் சோத்தத் தின்னுட்டு எங்களக் காட்டியாடா குடுத்த?" முதல் அறையிலேயே காது அடைத்தது. வாயெல்லாம் ரத்தம் கரித்தது. அடுத்த உதையில் நான் உளறிவிட்டேன்.

"கள்ள ஓட்டக் கண்டுக்காதன்னு சொல்லி அண்ணேதான் குடுத்தாரு."

பச்சைப் பொய். உங்களிடம் சொல்வதற்கென்ன, இன்றுவரை என் வீட்டுக்காரிக்குக்கூட அது தெரியாது.

அண்ணன் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு எனக்காகக் காத்திருந்தார். எங்கள் ஆட்கள் கொடிக்கம்பிலிருந்து கொடியை மட்டும் பத்திரமாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்தக் கம்பால் அவரை அடித்தார்கள். "ஒன் கூட்டாளியே சொல்லிட்டான்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். கொத்துக்கரண்டி பிடிக்கிற வலது கையைக் கல்லில் வைத்து மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதற்கு, "சாரத்துல இருந்து விழுந்துட்டேன்யா" என்றாராம். கை கோணலாகவே கூடியது. அதற்குப் பிறகு அவர் சுவர் எழுப்பவில்லை.

இப்போது கண்மாய் இல்லை, குடிசைகள் இல்லை, அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அடித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தேர்தலுக்குள் அண்ணன் கட்சிக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களோடு நின்று அவர் டீ குடித்துச் சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. என்னையும் மன்னித்திருப்பாரோ என்ற பயத்தில்தான் அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை.